எடையும் உடலும்
(உடற்கல்விப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



விளையாட்டு வீரராகத் துடிக்கும் மாணவர் எதைச் சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் போய்க் கேட்பதில்லை. நம்மிடம்தான் கேட்கிறார். நாம் சொல்வது அவருக்கு வேதவாக்கு. ஆகவே, நமக்குத் தெரிந்ததும் தெரியாததும் அவர் உடம்பில்தான் போய்ச் சேரும்.

1997ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவில் 33 நாள்களுக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்தார்கள். குறைந்த எடைப்பிரிவில் இடம்பெற, தண்ணீரைக் குறைத்து, காற்றுப் புகாத உடை அணிந்து, சூடான சூழலில் கடும் பயிற்சி செய்தவர்கள் அவர்கள். அதன் பிறகே, 1998இல் அங்கு அந்த உடைக்கும் நீராவி அறைக்கும் தடை வந்தது. எடை பார்க்கும் நேரமும் போட்டியை ஒட்டி மாற்றப்பட்டது. வசதியும் பயிற்சியாளர்களும் நிறைந்த இடத்திலேயே இது நடந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

நம் பள்ளிகளிலும் ஜூடோ, மல்யுத்தம், குத்துச்சண்டை ஆகியவற்றுக்கு எடைப்பிரிவு உண்டு. "ராத்திரி சாப்பிடாதே, தண்ணி குடிக்காதே, காலையில் ஓடு" என்ற அறிவுரையும் உண்டு. இப்படிக் குறைவது கொழுப்பு அல்ல, நீர். 45 கிலோ எடையுள்ள மாணவர் 900 கிராம் நீரை இழந்தால் அது உடல் எடையில் 2 சதவீதம். அந்த அளவிலேயே ஆற்றல் குறையத் தொடங்கும். வெயிலில் ஆபத்தும் கூடும்.

அடுத்தது பச்சை முட்டை. பச்சையாகக் குடித்தால் அதன் புரதத்தில் ஏறக்குறையப் பாதிதான் உடலில் சேரும். வேகவைத்தால் பத்தில் ஒன்பது பங்கு சேரும். கிருமித் தொற்றும் தவிர்க்கப்படும். ஆகவே, சத்துணவில் தரும் அவித்த முட்டையே சிறந்தது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 50 கிராம் நிலக்கடலையில் சுமார் 12 கிராம் புரதம் இருக்கிறது. இவற்றோடு பருப்பு, சுண்டல், பால் என்று சேர்த்துக்கொண்டால், விலை உயர்ந்த புரத மாவு டப்பாவைத் தேட வேண்டியதில்லை. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத டப்பாவை மாணவருக்கு நாம் பரிந்துரைக்கவே கூடாது.

மாணவியர் ஓடும்போது சீக்கிரம் களைத்தால், "சோம்பல்" என்று சொல்லிவிடாதீர்கள். இரத்தசோகையாக இருக்கலாம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையை அவர்கள் விழுங்குகிறார்களா என்று பாருங்கள். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் இரும்புச்சத்து சேர்வது குறையும் என்பதையும் சொல்லுங்கள்.

நாளை முதல் மூன்று செயல்கள் போதும். போட்டிக்கு ஒரு மாதம் முன்பே எடை பாருங்கள். எடை சற்றுக் கூடுதலாக இருந்தால், மாணவரைப் பட்டினி போடாமல் அடுத்த பிரிவில் சேருங்கள். பயிற்சியின் நடுவே தண்ணீர் இடைவேளை விடுங்கள்.

பதக்கம் அடுத்த ஆண்டும் வரும். பிள்ளையின் உடல் ஒன்றுதான்.