நம் வரலாற்றை நாமே உரைப்போம்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

ஒரு கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் தளராமல் நடப்பது எளிய செயலன்று. அதனைப் பாராட்டி நமக்கு முன் பேசியவர்கள் நிறைவாகவே பேசினார்கள். ஆதலின் நாம் இளைஞர்களை நோக்கி ஒரு பொருளைப் பற்றி மட்டும் கூற விழைகின்றோம்.

காலையில் வேப்பம்பட்டு நிலையத்தில் மின்சார இரயில் ஏறும் நம் பிள்ளைகள் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் சென்னைக்கும் படிக்கவும் பணி செய்யவும் செல்கின்றனர். புதிதாகப் பழகுவோர், "எந்த ஊர்?" என்று வினவுகின்றனர். ஊரைச் சொன்னால், "ஊரில் எந்தத் தெரு?" என்னும் அடுத்த வினா வருகின்றது. முதல் வினாவிற்கு உடனே விடை சொல்லும் நா, இரண்டாம் வினாவிற்குத் தயங்குகின்றது. பேச்சை மாற்றுகின்றோம். நண்பரை வீட்டிற்கு அழைக்காமல் நிலையத்திலேயே விடைகொடுத்து விடுகின்றோம்.

இந்தத் தயக்கம் புதியதன்று. செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார் கோயம்புத்தூரில் பயின்றார். தம் சாதியும் இருப்பிடமும் வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி, உடன் பயில்வோரோடு அவர் பழகுவதில்லை. பள்ளிக்கு வெளியே அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பிற்குள் நுழைவார். மாலையில் எவரும் தம்மைத் தொடராதபடி விரைந்து நடந்து வீடு சேர்வார். இச்செய்தி பிறர் சொல்லி நமக்குக் கிடைத்ததன்று. 1939ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் நூலில், ஏறத்தாழ எண்பது வயதில், அவரே எழுதி வைத்தது.

அவ்வாறு விரைந்து நடந்த மாணவர், 1893ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் ஓர் இதழைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'பறையன்' என்பதாகும். எந்தச் சொல்லைப் பிறர் வாயிலிருந்து கேட்க அஞ்சி இளமையில் ஒதுங்கி நடந்தாரோ, அந்தச் சொல்லையே இதழின் முகப்பில் அச்சிட்டார். அச்சம் நீங்கிய இடம் அதுவே. சொல் மாறவில்லை, சொல்லுகின்றவர் மாறினார். பிறர் எறிந்தால் கல்லாக வருவதை, நாமே எடுத்து வைத்தால் அது அடித்தளக் கல்லாகும்.

அவ்வாண்டு டிசம்பரில் அவர் முயற்சியால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திற்கு ஒரு விண்ணப்பம் சென்றது. அதில் நம் முன்னோர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். மறைந்து வாழப் பழகியோர், பெயர் எழுதி முன்வந்தனர். பின்னர் அவர் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். 1923இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். பொது வழிகளிலும் கிணறுகளிலும் எவர்க்கும் தடையில்லை என்னும் தீர்மானம் 1924இல் அங்கே நிறைவேற உழைத்தார். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்தார்.

அண்ணல் செய்ததும் இதுவே. 1901இல் சிறுவராக இருந்தபோது, தந்தையைக் காண வண்டியில் சென்ற வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் தவித்ததை அவர் எழுதினார். அமெரிக்காவிலும் இலண்டனிலும் உயர்கல்வி பயின்று வந்த பின்னரும், 1917இல் பரோடாவில் தங்க இடமின்றித் துரத்தப்பட்டதையும் எழுதினார். அழுகை மிகுந்த நடையில் அவர் எழுதவில்லை. ஆண்டு, ஊர், நடந்தது இன்னது என்று நீதிமன்றச் சாட்சியம் போல் எழுதினார். அவர் மறைவிற்குப் பின் அந்தக் குறிப்புகள் 1990இல் நூலாக வெளிவந்தன.

கடல் கடந்த நாட்டிலும் இவ்வுண்மையைக் காண்கின்றோம். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த பிரெடரிக் டக்ளஸ், 1838இல் தப்பிச் சென்று மேடைகளில் பேசினார். "இவ்வளவு நன்றாகப் பேசுபவர் அடிமையாக இருந்திருக்க இயலாது" என்று சிலர் ஐயுற்றனர். அவர் 1845இல் தம் வாழ்க்கையை நூலாக எழுதி, தம்மை அடிமைப்படுத்தியவரின் பெயரையும் ஊரையும் அச்சிட்டார். பிடிபடும் இடர் இருந்ததால் கடல் கடந்து செல்ல நேர்ந்தது. ஆயினும் அவருடைய வரலாறு அவருடைய கையிலேயே இருந்தது.

இளைஞர்களே! மறைக்கின்றவனுடைய ஆற்றலில் பாதி மறைப்பதற்கே செலவாகின்றது. விடை தெரிந்திருந்தும் கை உயர்த்தாமல் கடைசி வரிசையில் அமரும் பிள்ளைகளை ஆண்டுதோறும் வகுப்பறையில் நாம் காண்கின்றோம். அப்பிள்ளைக்கு அறிவு குறைவன்று. பிறர் கண் தன்மீது படக்கூடாது என்னும் எச்சரிக்கையே மிகுதி. அந்த எச்சரிக்கையைக் களைந்தாலன்றி மனவலிமை வேரூன்றாது.

எனினும், தன் வரலாற்றை உரைப்பதிலும் ஒரு முறைமை உண்டு. அதனை மூன்று சொற்களில் கூறுவோம்.

முதலாவது, உண்மை. கூட்டவும் வேண்டா, குறைக்கவும் வேண்டா.

இரண்டாவது, முழுமை. இழிவு மட்டுமே நம் வரலாறன்று. நாற்று நட்ட கை, செங்கல் அறுத்த கை, பறையிசையின் தாளம் அறிந்த கை நம்முடையது. கூழைப் பங்கிட்டு உண்ட அண்டை வீடும், தாலியை அடகு வைத்துத் தேர்வுக் கட்டணம் கட்டிய அன்னையும் நம் வரலாற்றில் உண்டு. 1992இல் எழுத்தாளர் பாமா 'கருக்கு' என்னும் நூலை எழுதியபோது, தம் தெருவின் காயங்களோடு அதன் விளையாட்டையும் உழைப்பையும் சிரிப்பையும் சேர்த்தே எழுதினார்.

மூன்றாவது, உரிமை. உரைப்பது நம் உரிமையேயன்றி, கேட்பவர்க்கெல்லாம் செலுத்தும் கடனன்று. இழித்துரைக்க வேண்டிக் கேட்பவனுக்கு விடை கூறவேண்டிய தேவையில்லை. எவரிடம், எப்பொழுது, எவ்வளவு என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அஞ்சி வாய் மூடுவது வேறு; தேர்ந்து அமைதி காப்பது வேறு.

'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025ஆம் ஆண்டு தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கின்றோம். வசைச்சொல்லாகத் திரிந்த ஒன்று தாளிலிருந்து நீங்கட்டும். ஆனால், அந்தப் பெயர்ப் பலகைக்குப் பின்னால் வாழ்ந்தவர்களின் உழைப்பும் நினைவும் அதனோடு அழிந்துவிடலாகாது. பெயரை நீக்குவது அரசின் பணி. நினைவைக் காப்பது நம் பணி.

ஆதலின் வெள்ளிவிழாவின் பயனாக ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இளைஞர் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளட்டும். பாட்டியிடமும் தாத்தாவிடமும் அமர்ந்து கேட்கட்டும். எந்த ஊரிலிருந்து வந்தோம்? என்ன தொழில் செய்தோம்? குடிநீர் எங்கே எடுத்தோம்? வீட்டில் முதன்முதலில் பள்ளி சென்றவர் யார்? அவரை அனுப்பியவர் யார்? அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். பத்துப் பக்கம் போதும். குடும்பத்தார் இசைந்தால் ஒரு படியைச் சங்க நூலகத்தில் வையுங்கள். முதியோர் ஒருவர் மறைந்தால் அவரோடு மறைந்துபோகும் செய்திகளை எந்த அலுவலகப் பதிவேட்டிலும் தேடிப் பெற இயலாது. இப்பணியைத் தள்ளிப்போட நமக்கு நாளில்லை.

அவ்வாறு எழுதி முடித்த பிள்ளை, நாளை இரயிலில் "எந்தத் தெரு?" என்று கேட்போரைக் கண்டு கலங்கமாட்டான், கலங்கமாட்டாள். தான் யாருடைய உழைப்பின் மீது நிற்கின்றோம் என்பது அப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.