கலவைக் கணக்கும் கல்யாண நகையும்



அட்சரகணிதம் என்ற சொல்லைக் கேட்டதும் வானொலிப் பெட்டியின் திருகாணியை நாடும் கைகள் சில உண்டென்பதை நான் அறிவேன். சற்றுப் பொறுத்தருள வேண்டும். இன்று கரும்பலகையை விடுத்து ஒரு கல்யாண வீட்டிற்குச் செல்வோம்.

மகளின் தாலிக்கொடிக்காகத் தாயார் தம்முடைய பழைய காப்புகளைப் பொற்கொல்லரிடம் கொடுக்கிறார். அவற்றின் நிறை இரண்டு பவுண், அதாவது 16 கிராம். தரம் 18 கரட். கொடியோ 22 கரட்டில் அமைய வேண்டும். “இன்னும் நான்கு பவுண் சுத்தத் தங்கம் வேண்டும், அம்மா” என்கிறார் பொற்கொல்லர். தாயார் திகைக்கிறார். இரண்டு பவுணைத் திருத்துவதற்கு நான்கு பவுணா? தம்மை ஏமாற்றுகிறாரோ என்ற ஐயம் எழுகிறது.

கரட் என்பது 24 பங்கில் எத்தனை பங்கு பொன் என்பதைக் கூறும் அளவு. சுத்தத் தங்கம் 24 கரட். சேர்க்க வேண்டிய தங்கத்தை ‘அ’ கிராம் எனக் கொள்வோம். காப்பின் 16ஐ 18ஆற் பெருக்க 288. சேர்ப்பதன் ‘அ’வை 24ஆற் பெருக்க 24அ. இவ்விரண்டின் கூட்டுத்தொகை, மொத்த நிறையாகிய 16 சக அ என்பதை 22ஆற் பெருக்கி வருவதற்குச் சமன். ஆகவே 288 சக 24அ சமன் 352 சக 22அ. இரு பக்கத்திலும் கழிக்க, 2அ சமன் 64. அ சமன் 32. முப்பத்திரண்டு கிராம் சரியாக நான்கு பவுண். பொற்கொல்லர் கூறியது உண்மையே!

சமன்பாட்டை நம்பாதவர்கள் செம்பைப் பார்க்கலாம். காப்பிலுள்ள செம்பு முதலிய பிற உலோகம் 4 கிராம். சுத்தத் தங்கத்தைச் சேர்ப்பதால் அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. 22 கரட்டில் அது பன்னிரண்டில் ஒரு பங்காகவே இருக்கலாம். எனவே மொத்தம் 48 கிராம் ஆக வேண்டும். அதே விடை! கலவைக் கணக்கில் மாறாத பொருள் எதுவென்று முதலிற் தேடுங்கள் என்று மாணவருக்கு நான் கூறுவது இதனாலேதான். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியிலும் பொன்னை உருக்கிச் சேர்க்கும் கணக்குகள் உண்டு.

தாயாரிடம் ஒரு பவுண் சுத்தத் தங்கமே இருந்தால்? அதனோடு காப்பில் 4 கிராம் மாத்திரமே சேர்க்கலாம். முழுக் காப்பையும் உருக்கினால் 20 கரட் கொடிதான் கிடைக்கும். வழியைக் கூறிவிட்டேன், செய்து பார்ப்பது உங்கள் பொறுப்பு.

ஓர் எச்சரிக்கை. நிறையைக் கூட்டலாம், கனவளவை எப்பொழுதும் அவ்வாறு கூட்டவியலாது. கனவளவின்படி நூற்றுக்கு 95 பங்கு செறிவுள்ள அற்ககோலிலிருந்து 70 பங்குச் செறிவில் 500 மில்லிலீற்றர் வேண்டுமாயின், 70ஐ 500ஆற் பெருக்கி 95ஆற் பிரிக்க, ஏறத்தாழ 368 மில்லிலீற்றர் எடுக்க வேண்டும். எஞ்சிய 132 மில்லிலீற்றர் நீரை அளந்து ஊற்றினாற் போதுமென்று எண்ணுவோம். ஆனால் அற்ககோலும் நீரும் கலக்கும்போது சிறிது சுருங்கும், 500 வராது. ஆதலால் அற்ககோலை அளவுச்சாடியில் ஊற்றி, நீரை அளந்து சேர்க்காமல், 500 என்ற கோடுவரை நிரப்புவதே முறை.