சுளகு நம்முடையது, கணக்கு யாருடையது?

(பேட்டையில் இளைஞர்கள் கூடிய சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சமூகத் தொழில்முனைவு மக்களின் நல்வாழ்வை உயர்த்துகிறதா என்று பேசச் சொன்னீர்கள். லாபத்தை மட்டும் பார்க்காமல் ஊருக்கும் நல்லது செய்கிற தொழில் என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது என் அம்மாவின் சுளகுதான்.

பேட்டை, மேலப்பாளையம், முக்கூடல் என்று இந்தப் பக்கம் முழுக்கப் பெண்கள் பீடி சுற்றித்தான் குடும்பம் நடத்தினார்கள். சுளகும் கத்தரியும் அம்மாவுடையவை. இலையும் தூளும் கடையுடையவை. கொண்டுபோன ஆயிரத்தில் எத்தனை 'கழிவு' என்று சொல்வதும் கடைதான். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. அந்தப் பீடி அம்மாவிடம் திரும்பி வந்ததும் கிடையாது. ஏன் என்று கேட்டால் மறுநாள் மட்டமான இலை கிடைக்கும். முதுகுவலியையும் இருமலையும் பற்றி ஆய்வு செய்பவர்கள் எழுதுகிறார்கள், நல்லது. வாயைத் திறக்க முடியாமல் அம்மா வீடு திரும்பிய நடையை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள்?

இதே தொழிலைக் கண்ணூரில் வேறு மாதிரி நடத்திக் காட்டினார்கள். 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. கேரளத்தில் அதை நடைமுறைப்படுத்த முனைந்ததும் மங்களூர் முதலாளிகள் கடையைக் கட்டிவிட்டார்கள். ஏறத்தாழ 12 ஆயிரம் பேருக்கு வேலை போயிற்று. அவர்களைக் கொண்டே 1969இல் தினேஷ் பீடி கூட்டுறவு தொடங்கப்பட்டது. 1980களில் அதில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். வைப்பு நிதி, பணிக்கொடை, பிரசவ விடுப்பு எல்லாம் இருந்தன. எனக்குப் பிடித்தது வேறொன்று. அங்கே கொட்டகையில் சேர்ந்து உட்கார்ந்து சுற்றினார்கள். ஒருவர் செய்தித்தாளைச் சத்தமாக வாசிப்பார். மற்றவர்கள் அவர் பங்கையும் சேர்த்துச் சுற்றுவார்கள். கண்ணூர்த் தொழிலாளர்களிடம் கூட்டுறவுக்கு முன்பிருந்தே வந்த வழக்கம் அது. இங்கே நம் பெண்கள் ஆளுக்கொரு வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள். யாரோடு சேர்ந்து கடையைக் கேள்வி கேட்பது?

பீடியே உடம்பைக் கெடுக்கிற சரக்குதானே என்பீர்கள். உண்மைதான். புகைப்பவர்கள் குறையக் குறைய, தினேஷ் உணவுப் பொருள், குடை, ஆயத்த ஆடை என்று மாறப் பார்த்தது. பழைய எண்ணிக்கையில் ஆட்களை வைத்துக்கொள்ள அதனாலும் முடியவில்லை. ஆனால் இனி என்ன செய்வது என்று உட்கார்ந்து பேச அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. நமக்கு? மருத்துவமனைக்கும் பிள்ளைகளின் படிப்பு உதவிக்கும் பணம் தந்த பீடி நல வரி, 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நீக்கப்பட்டது. எங்கம்மாவிடம் யாரும் கேட்கவில்லை.

சரி, பெண்களே சேர்ந்து நடத்தினால் சாதி விலகிவிடுமா? 2023 செப்டம்பரில் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டிப் பள்ளியில், காலை உணவு சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை என்று புகார் எழுந்தது. கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மகளிர் குழுக்களின் உழைப்பில் நடக்கிற திட்டம் அது. வருமானம் வந்துவிடும், அவர் கையால் சமைத்ததை ஊர் உண்ணுமா என்ற கேள்வி அடுப்படியிலேயே நிற்கும். நல்வாழ்வைக் கூலியால் மட்டும் அளப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அம்பேத்கர் இதை 1932லேயே எழுப்பினார். தீண்டாமை ஒழிப்புக்காகக் காந்தியார் தொடங்கிய அமைப்பின் செயலாளர் தக்கருக்குக் கப்பலில் இருந்தபடி கடிதம் எழுதினார். தனி மனிதர்களைத் திருத்துவதில் சக்தியைச் செலவிடாதீர்கள். கிணறு, பள்ளி, வேலைவாய்ப்பு ஆகியவற்றில் உரிமைக்காகப் போராடுங்கள். பணியாளர்களை ஒடுக்கப்பட்டவர்களிலிருந்தே எடுங்கள் என்பதுதான் அதன் சாரம். அந்த அமைப்பு அந்த வழியில் போகவில்லை. ஹரிஜன சேவக சங்கமாகி, சேவை செய்தது.

உங்களில் சிலர், பீடியை விட்ட பெண்களுக்காகத் தையற்கூடம் தொடங்கப்போவதாகக் கூட்டத்துக்கு முன்னால் சொன்னீர்கள். பெயர்கூட முடிவாகிவிட்டது போல. துணை விதிகளைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம். துணியில் கழிவு எவ்வளவு என்று எண்ணுவது யார்? வங்கியில் யார் கையெழுத்து? பட்டியல் சாதிப் பெண் பொருளாளராக வர அதில் வழி இருக்கிறதா? மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே இடத்தில் உட்காரப் போகிறோமா? இவற்றை எழுதி முடித்துவிட்டு லோகோவைப் பார்க்கலாம்.