முகப்புக்குப் பின்னால் ஒரு மாளிகை

 

செவ்வியல் பாணி நகர மாளிகைகளைப் பற்றிப் பேச இம்மாநாட்டில் கூடியிருக்கிறோம். இத்துறையில் நமக்கெல்லாம் ஒரு குறை உண்டு: தூண்களையும் முக்கோண முகப்பையும் கண்டதும் பாணிக்குப் பெயர் சூட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். முகப்பைத் தாண்டி உள்ளே போனால் என்னென்ன கிடைக்கும் என்பதற்கு இத்தாலியின் விசென்சா நகரை ஒட்டிய வில்லா ரொட்டோண்டாவைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

உரோமில் போப்பாண்டவரின் அவையில் பணியாற்றி ஊர் திரும்பிய பாவ்லோ அல்மெரிக்கோ என்ற குருவுக்காக, 1560களின் பிற்பகுதியில் கட்டடக் கலைஞர் அந்திரேயா பல்லாடியோ தொடங்கிய மாளிகை அது. பல்லாடியோ கட்டிய வில்லா எமோ, வில்லா பார்பரோ போன்றவை பண்ணை வீடுகள். களஞ்சியமும் தொழுவமும் அவற்றின் இரு சிறகுகளில் அடக்கம். ரொட்டோண்டாவுக்கு அவர் அப்படி எதையும் வரையவில்லை. விருந்தினரை வரவேற்கவும் நாற்புறக் காட்சியைக் கண்டு மகிழவுமே அது எழுந்தது. நகருக்கு மிக அருகில் இருந்ததால், 1570இல் வெளியிட்ட தம் நூலில் பல்லாடியோ அதை நகர வீடுகளின் வரிசையிலேயே வைத்தார்.

சதுரமான கட்டடம், நடுவில் வட்டக்கூடம், மேலே குவிமாடம். நான்கு பக்கமும் ஆறாறு அயோனியத் தூண்கள் கொண்ட முகமண்டபங்கள். மூலைகள் நான்கு திசைகளை நோக்குமாறு திருப்பி அமைத்ததால், எந்தப் பக்கத்து அறைக்கும் ஏதேனும் ஒரு பொழுதில் வெயில் உண்டு.

பளிங்கைப் போலத் தோன்றும் அந்தத் தூண்கள் உள்ளே செங்கல், மேலே சுண்ணப் பூச்சு. செதுக்கு வேலை மிகுந்த இடங்களில்தான் கல். கூடத்துத் தரையின் நடுவில், முகம் செதுக்கிய கல்லில் ஒரு துளை இருக்கிறது. திறந்திருந்த குவிமாடத்திலிருந்து விழும் மழைநீர் வடிவதற்கு என்பர் சிலர். நிலவறையின் குளிர்காற்று மேலேறுவதற்கு என்பர் வேறு சிலர். தரையில் உள்ள ஒரு துளைகூட ஆய்வுப் பொருள்தான்.

1580இல் பல்லாடியோ மறைந்தார். பணியைத் தொடர்ந்த வின்சென்சோ ஸ்கமோசி, பல்லாடியோ தம் நூலில் வரைந்திருந்த உயர்ந்த குவிமாடத்தைத் தாழ்த்திக் கட்டினார். 1591இல் மாளிகை காப்ரா சகோதரர்களின் கைக்கு மாறியது. பிறகு பண்ணைக் கட்டடமும் வந்து சேர்ந்தது. ஆக, நாம் இன்று காண்பது ஒருவரின் கனவு மட்டுமன்று. பலர் கைபட்ட கட்டடம்.

அதன் சாயலில் 1720களில் இலண்டனில் சிஸ்விக் மாளிகை எழுந்தது. ஆங்கிலேயரோடு அந்தப் பாணி சென்னைக்கும் வந்தது. அடையாற்றங்கரையில் ஜார்ஜ் மௌப்ரே 18ஆம் நூற்றாண்டில் கட்டிய குவிமாட வீடு இன்று மெட்ராஸ் கிளப். இங்கும் தூண்கள் செங்கல்தான். கிளிஞ்சல் சுண்ணாம்பை இழைத்துப் பளபளப்பேற்றியவர்கள் நம் கொத்தனார்கள். அவர்கள் பெயரை எந்த வரைபடமும் சொல்லவில்லை.

எனவே கட்டுரையாளர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: பாணியின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். கட்டச் சொன்னவர் யார், எந்தப் பொருளால் கட்டினார்கள், பின்னால் யார் மாற்றினார்கள் என்பதையும் சொல்லுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு வேலை தெரிந்த மூத்த கைவினைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களையும் அடுத்த மாநாட்டின் மேடைக்கு அழைப்போம். இந்த வேண்டுகோளுடன் மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.