டில்லி ஹாட்டில் எங்கே உண்பது?



கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குச் சென்று திரும்பிய குடும்பத்தாரை மறுநாள் காலையில் சந்தித்து, "அங்கே என்ன விசேஷம்?" என்று கேட்டுப் பாருங்கள். ராட்டினத்தைப் பற்றியும் சறுக்கு மரத்தைப் பற்றியும் இரண்டொரு சொற்களில் சொல்லி முடித்துவிடுவார்கள். எந்த இடத்தில் அமர்ந்து எதை உண்டார்கள் என்னும் கதைக்கு வந்ததும் குரலே மாறிவிடும். கால்கள் ஓய்ந்து, குழந்தைகள் சிணுங்கத் தொடங்கிய வேளையில் யார் இலை போட்டார்களோ, அவர்களே நினைவில் நிலைத்து நிற்கிறார்கள். பசி ஆறிய இடத்தை மறவாதிருப்பது மனித இயல்பு அன்றோ?

டில்லியில் நீண்ட காலம் வாழ்ந்தவர்களுக்கு 'அப்பு கர்' நினைவிருக்கும். 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் சின்னமாக விளங்கிய யானைக்குட்டியின் பெயரைத் தாங்கி, 1984 நவம்பர் 19ஆம் நாள் பிரகதி மைதானத்தில் திறக்கப்பட்ட கேளிக்கைப் பூங்கா அது. 2008இல் அது மூடப்பட்டது. இன்று நாம் பேசப்போவது வேறு வகையான பூங்கா. அங்கே ராட்டினம் கிடையாது. உண்பதும் உலாவுவதுமே அங்கு விளையாட்டு. அதுதான் டில்லி ஹாட்.

'ஹாட்' என்றால் கிராமச் சந்தை. தென் டில்லியில், ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு எதிரே, பெரிய சாக்கடை ஒன்றை மூடித் தளமிட்ட சுமார் ஆறு ஏக்கர் நிலத்தில், 1994 மார்ச் மாதத்தில் இது திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் பிரதீப் சச்தேவா இதை வடிவமைத்தார். செங்கல் பாவிய முற்றங்கள், தாழ்ந்த கூரைகள், உட்காரத் திண்ணைகள், அங்கங்கே மர நிழல் என்று, ஒரு சிற்றூரின் சந்தைத் திடலைப் பெருநகரின் நடுவே கொண்டுவந்து வைத்தாற்போல் இருக்கும். நுழைவுச் சீட்டு வாங்கித்தான் உள்ளே செல்ல வேண்டும். கைவினைஞர்கள் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார்கள். உணவுக் கடைகள் நிலையானவை. ஒவ்வொன்றும் ஒரு மாநிலத்தின் பெயரைத் தாங்கி நிற்கும். இந்தியாவின் சமையலறைகளை ஒரே திடலில் அடுத்தடுத்துக் காண்பதற்கு இதைவிடச் சௌகரியமான இடம் தலைநகரில் இல்லை எனலாம்.

மத்திய அரசில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவர்கள் நாங்கள். பகலெல்லாம் ஒரு மொழியின் சரக்கை இன்னொரு மொழியின் மூட்டையில் கட்டுவதே எங்கள் தொழில். ஆகையால் இத்தகைய இடங்களில் உண்ணும்போதும் மொழிபெயர்ப்பாளரின் புத்தி எங்களை விடுவதில்லை. சொந்த மண்ணிலிருந்து ஆயிரம் மைல் தள்ளிச் சமைக்கப்படும் எந்தப் பண்டமும் ஒரு மொழிபெயர்ப்பே. சில கடைகளில் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்திருப்பார்கள்: வடிவம் சரியாக இருக்கும், உயிர் இராது. சிலர் உள்ளூர் நாக்குக்காக மூலத்தையே மாற்றிவிடுவார்கள். இதற்கு மோமோவே தக்க உதாரணம். 1960களில் டில்லியில் குடியேறிய திபெத்திய அகதிகளும், வடகிழக்கிலிருந்து வந்த மக்களும் கொண்டுவந்த பண்டம் அது, ஆவியில் வேகவைப்பது. டில்லிக்காரர்கள் அதற்கு மசாலா பூசி, தந்தூரி அடுப்பில் வாட்டி, 'தந்தூரி மோமோ' என்று புதிதாக ஒன்றைப் படைத்துவிட்டார்கள். இது பிழையா, புத்தாக்கமா என்று எங்கள் வீட்டில் இன்னும் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. குழந்தைகள் புத்தாக்கத்தின் கட்சி.

இனி, எங்கள் அனுபவத்தில் விருப்பமான இடங்களைச் சொல்லுகிறோம். முதலில் வடகிழக்கு மாநிலங்களின் கடைகள். ஆவி பறக்கும் மோமோவும், துக்பா என்னும் நூடுல்ஸ் இட்ட சாறும் குளிர்காலத்து மாலைக்கு மிகவும் ஏற்றவை. புலால் உண்ணும் அலுவலக நண்பர்கள் நாகாலாந்துக் கடையை விட்டு நகரமாட்டார்கள். புகையூட்டிய பன்றி இறைச்சியை மூங்கில் குருத்துடன் சமைத்த கறியை அவர்கள் புகழ்வதைக் கேட்டிருக்கிறோம். காரம் என்றால் ஆந்திரம் என்று எண்ணுகிறவர்கள் அங்கே எச்சரிக்கையாக இருப்பது நலம். வடகிழக்கின் பூத் ஜொலோக்கியா மிளகாய் 2007இல் உலகின் மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது. பிற்பாடு வேறு வகைகள் அதை முந்திவிட்டன என்றாலும், நம் நாக்கு அந்த வேறுபாட்டை அறியாது.

அடுத்தது காஷ்மீர்க் கடை. ரோகன் ஜோஷும் குஷ்தாபாவும் அங்கே புகழ்பெற்றவை. சைவ உணவினருக்கு அங்கே உள்ள பரிசு கஹ்வா. பச்சைத் தேயிலையில் குங்குமப்பூ, ஏலம், லவங்கப்பட்டை சேர்த்துக் கொதிக்கவைத்து, சீவிய வாதுமைப் பருப்பைத் தூவித் தருவார்கள். பாலில்லாத தேநீரா என்று முகம் சுளித்தவர்கள்கூட இரண்டாவது கோப்பை கேட்டதுண்டு.

ராஜஸ்தானத்தின் தால்-பாட்டி-சூர்மாவில் தணலில் சுட்ட கோதுமை உருண்டை, பருப்பு, நெய்யும் சர்க்கரையும் கலந்த இனிப்புத் தூள் ஆகிய மூன்றும் ஒரே தட்டில் வரும். நீர் அருமையான பாலை நிலத்தில் நெடுநாள் கெடாத உணவாக மக்கள் கண்டுபிடித்த வகை இது. மகாராஷ்டிரத்தின் பூரண் போளியைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. கடலைப் பருப்பும் வெல்லமும் கலந்த அந்தப் பூரணத்துக்குப் பெயர்கூட நமக்கு மாறவில்லை.

கடைசியாகச் சொல்ல வைத்திருப்பது பீகாரின் லிட்டி-சோக்கா. அதைப் பற்றி ஒரு சிறு வரலாறு உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தந்தையார் காலமானார். மாயவரத்து வீட்டைப் பூட்டிவிட்டு, அன்னையாரை ஐப்பசி மாதத்தில் டில்லிக்கு அழைத்து வந்தோம். அவருக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. நாங்கள் அலுவலகத்துக்கும் குழந்தைகள் பள்ளிக்கும் சென்றுவிட்டால், மாலைவரை அவருடன் பேச ஒருவரும் இல்லை. நாளுக்கு நாள் உணவு குறைந்தது. "எனக்குப் பசியே எடுக்கவில்லை" என்பார். மருத்துவர் சோதித்துப் பார்த்து, நோய் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். மார்கழி பிறந்ததும், "என்னை ஊரிலே கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்று அன்னையார் ஒரே பிடியாக நின்றார். ஊரிலோ பூட்டிய வீடு. தனியே அனுப்பவும் மனமில்லை. பட்டினியாக வைத்திருக்கவும் வழியில்லை. இதே நிலையில் தவித்த குடும்பங்கள், இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்போரிடையே பல இருக்கும் என்பதை அறிவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், வெயில் காயட்டுமே என்று அவரை டில்லி ஹாட்டுக்கு அழைத்துச் சென்றோம். நம் பக்கத்துத் தோசை கிடைத்தால் உண்பார் என்பது எங்கள் கணக்கு. அவரோ, "தோசையை வீட்டிலேயே வார்க்கலாமே, இதற்கு இவ்வளவு தூரம் வரவேண்டுமா?" என்று சொல்லிவிட்டு மேலே நடந்தார். மோமோவைப் பார்த்து, "முட்டைக்கோஸ் வைத்த கொழுக்கட்டை" என்று ஒரே வரியில் மொழிபெயர்த்தார். அப்படியே நடந்து, லிட்டி சுடும் அடுப்பருகே நின்றுவிட்டார்.

கோதுமை மாவைக் கிண்ணம்போல் குழித்து, அதில் வறுத்த கடலை மாவுடன் ஓமம், இஞ்சி, பச்சை மிளகாய் சேர்த்த பூரணத்தை அடைத்து உருட்டித் தணலில் சுடுவார்கள். சுட்டதை நெய்யில் தோய்த்துத் தருவார்கள். தொட்டுக்கொள்ளச் சோக்கா: கத்தரிக்காயைச் சுட்டுத் தோலுரித்துப் பிசைந்து கடுகெண்ணெய் விட்டது. அன்னையார் அந்தக் கத்தரிக்காயைப் பார்த்ததும், "இது நம் கொத்சு அல்லவா?" என்றார். சிதம்பரத்துக் கொத்சு எங்கள் பக்கத்தில் பேர்போனது. அடுப்பருகே நின்ற இளைஞரிடம், "புளி விடுவதில்லையா, தம்பி?" என்று தமிழிலேயே கேட்டார். அந்த இளைஞர் ஒரு கணம் விழித்தார். பிறகு என்ன விளங்கிற்றோ, எலுமிச்சம்பழத்தை எடுத்துக் காட்டினார். அன்னையார் கையால் பிழிந்து காட்டித் தலையசைத்தார். மாவைக் காட்டி 'இது என்ன?' என்று சைகை செய்தார். "சத்து, மாதாஜி, சத்து" என்றார் அவர். "சத்து இல்லாமலா இருக்கும்!" என்றார் அன்னையார்.

இந்தியில் 'சத்து' என்பது வறுத்த கடலை மாவு. தமிழில் 'சத்து' என்பது போஷாக்கு. ஒலி ஒன்று, பொருள் வேறு. எங்கள் தொழிலில் இத்தகைய சொற்கள் மிகவும் ஆபத்தானவை. இடையிற் புகுந்து விளக்கம் சொல்ல வாயெடுத்தோம். ஆனால் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இருபது ஆண்டுகள் மொழிபெயர்ப்பில் கழித்தும், நாங்கள் வாயை மூடிக்கொண்டதே அன்று செய்த நல்ல மொழிபெயர்ப்பு.

அன்னையார் இரண்டு லிட்டி உண்டார். கடுகெண்ணெய் வாடைக்கு மட்டும் முதலில் மூக்கைச் சுருக்கினார். பிறகு, அந்த இளைஞர் தம் ஊர் தர்பங்கா என்றும், இரண்டு ஆண்டுகளாகச் சட் பண்டிகைக்கு ஊருக்குப் போக முடியவில்லை என்றும் எங்களிடம் சொன்னார். அதை அன்னையாருக்குத் தமிழில் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தார். "அந்தப் பிள்ளையும் ஊரை விட்டு வந்தவன்தானா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை, "கத்தரிக்காய் இருக்கிறதா?" என்று அவரே சமையலறைக்குள் வந்தார். ஊருக்குப் போகும் பேச்சு அந்த மார்கழியில் மீண்டும் எழவில்லை.

இதனால் எல்லாத் துன்பமும் ஒரு தட்டு லிட்டியில் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. தனிமை இருக்கத்தான் செய்தது. ஆயினும், இந்த நகரத்தில் தாம் ஒருவரே வேற்றூர்க்காரர் என்ற எண்ணம் அவரை விட்டு நீங்கிற்று. மூன்று ஆண்டுகள் எங்களுடன் இருந்தார்.

ஆகவே நேயர்களுக்கு நாங்கள் சொல்லும் யோசனை இதுதான். இப்படிப் பல மாநிலத்து உணவும் கூடியிருக்கும் இடத்துக்குச் சென்றால், நம் ஊர்ப் பண்டத்தை முதலில் தேடாதீர்கள். அதை மூலத்தோடு ஒப்பிட்டுக் குறை காண்பதிலேயே நேரம் போய்விடும். அயலார் கடையில் நம் வீட்டு வாசனை எங்கே மறைந்திருக்கிறது என்று தேடுங்கள். கொழுக்கட்டையும் போளியும் கொத்சும் வேறு பெயர் பூண்டு அங்கே காத்திருக்கின்றன.

நடைமுறைக்குச் சில குறிப்புகள். மார்கழி, தை மாதங்களின் நண்பகல் வேளை உகந்தது. கூட்டத்துக்கு அஞ்சுபவர்கள் வேலை நாட்களில் செல்லலாம். மெட்ரோவின் மஞ்சள் தடமும் இளஞ்சிவப்புத் தடமும் சந்திக்கும் டில்லி ஹாட்-ஐ.என்.ஏ. நிலையத்தில் இறங்கினால் வாசல் அருகிலேயே இருக்கிறது. ஒரே கடையில் வயிற்றை நிரப்பிவிடாமல், ஒரு கடைக்கு ஒரு தட்டு வாங்கி எல்லோரும் பகிர்ந்துகொள்ளுங்கள். உண்டபின் கைவினைக் கடைகளையும் ஒரு சுற்று பாருங்கள். 2025 ஏப்ரல் 30ஆம் நாள் இரவு நேர்ந்த தீயில் அங்கே பல கடைகள் எரிந்துபோயின. உயிர்ச்சேதம் இல்லாதது ஒன்றே ஆறுதல். கைத்தொழிலாளரிடம் நாம் வாங்கும் ஒரு சிறு பொருளும் அவர்களுக்கு உதவியாகும். மேற்கு டில்லியில் வசிப்போருக்கு ஜனக்புரியிலும், வடமேற்கில் வசிப்போருக்குப் பீதம்புராவிலும் இதே பெயரில் திடல்கள் உள்ளன.

அன்னையார் இப்போது எங்கள் இளைய சகோதரியுடன் மாயவரத்தில் இருக்கிறார். ஊருக்குப் புறப்படும்போதெல்லாம், டில்லியிலிருந்து என்ன வேண்டும் என்று தொலைபேசியில் கேட்போம். புடவை வேண்டாம், கம்பளி வேண்டாம் என்பார். "அந்தத் தம்பி கடையில் போட்ட மாவு ஒரு கிலோ வாங்கி வா" என்பார். சத்து என்றுதான் சொல்லுவார். எந்த மொழிச் சொல் என்று நாங்கள் கேட்பதில்லை.