மேலுதட்டின் பிறவிக் குறைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

யாம் மருத்துவம் கற்றவர் அல்லேம். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தர். இசையும் நாடகமும் காத்திருக்கும் இம்மேடையில் இப்பொருளை எடுத்தது ஏன் என்று சிலர் வியக்கலாம். எம் இல்லத்தில் நிகழ்ந்ததொன்றே எம்மைப் பேசத் தூண்டியது.

எம் தங்கை பிறந்தபோது அவள் மேலுதடு இடப்புறம் மூக்கு வரை பிளந்திருந்தது, அண்ணமும் கூடவில்லை. அன்னையார் ஏழு மாதக் கருவுற்றிருந்தபோது கிரகணம் ஒன்று வந்தது. அன்று அவர் அரிவாள்மணையில் காய் நறுக்கிவிட்டாராம். உற்றார் அனைவரும் ஒரே தீர்ப்பை வழங்கினர். அதனை அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுமந்தார். எந்தச் சீமந்தத்திற்கு அழைத்தாலும் வாயிற்படியோடு நின்று திரும்பிவிடுவார்.

உண்மை யாது என்று காண்போம். கருவின் நான்காம் வாரத்திற்கும் ஏழாம் வாரத்திற்கும் இடையே மேலுதடு உருவாகின்றது. அது ஒரே துண்டாக முளைப்பதன்று. மூக்குப் புறத்திலிருந்து இரு மடல்கள் இறங்கி நடுவே ஒன்றாகின்றன. கன்னங்களின் புறத்திலிருந்து வரும் இரு மடல்கள் அவற்றோடு இருமருங்கும் இணைகின்றன. இரு முனைகளிலிருந்து தண்டவாளம் இட்டு வருவோர் இடையில் சந்திப்பது போன்றது இது. சந்திப்புத் தவறினால் அவ்விடமே பிளவாக நின்றுவிடுகின்றது. அண்ணம் இதன் பின்னர், பன்னிரண்டாம் வார அளவில் மூடுகின்றது.

உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று உதட்டுப் பிளவுடனோ அண்ணப் பிளவுடனோ பிறக்கின்றது. உதட்டுப் பிளவு ஆண் மக்களிடம் மிகுதி. வலப்புறத்தைவிட இடப்புறத்திலேயே அதிகம்.

மிக அரிதான குறைகளும் உண்டு. ஒன்று, உதட்டின் நட்டநடுவே தோன்றும் பிளவு. சிலரிடம் மூளையின் அமைப்பிலும் குறை சேர்ந்திருக்கக்கூடுமாதலால், மருத்துவர் தலையையும் ஆராய்வர். மற்றொன்று இரட்டை உதடு. உட்புறச் சவ்வு மிகுந்து மடிப்பாகத் தொங்கும். வாய் மூடியிருக்கையில் தெரியாது, சிரிக்கும்போது ஈருதடுகள் போலத் தோன்றும். இதனோடு இமை வீக்கமும் கழுத்துக் கழலையும் சேர்ந்து வருவதை ஆஷர் என்னும் கண் மருத்துவர் 1920இல் விளக்கினார். மூன்றாவது, மேலுதட்டில் ஊசி நுழையுமளவு அமையும் துளை. அதிலிருந்து நீர் கசியும்; சில வேளை சீழும் பிடிக்கும். துளையை முழுமையாக அகற்றினாலன்றித் தீராது.

இவை ஏன் உண்டாகின்றன? சிலருக்குக் குடிவழியாக வரும். தாயின் நீரிழிவு, புகை, மது, வலிப்பு நோய்க்கான சில மருந்துகள் ஆகியனவும் பிளவு நேரும் வாய்ப்பைக் கூட்டும். ஆயினும் வலிப்பு மருந்து உண்போர் தாமாக அதனை நிறுத்தலாகாது. கருவுறுமுன்னரே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். பலரிடம் தனிக் காரணம் எதுவும் புலப்படுவதில்லை.

கிரகணமோ காரணமன்று. உதடு கூடும் காலத்தில் தான் கருவுற்றதைப் பல பெண்டிர் அறிந்திருக்கவும் மாட்டார்கள். ஏழாம் வாரத்தில் கூடி முடிந்த உதட்டை ஏழாம் மாதத்துக் கிரகணம் எவ்வாறு பிளக்கும்?

சென்ற ஆண்டு நம் குடியிருப்பில் ஒரு குழந்தை பிளவுடன் பிறந்தது. அதன் தாயோடு எம் அன்னையாரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் படம் வரைந்து மேற்கூறியவற்றை விளக்கினார். அன்னையார் விரல்விட்டு வாரங்களை எண்ணினார், மீண்டும் எண்ணினார். பின்னர் எம்மை நோக்கி, "அப்படியென்றால் அது என் கை செய்ததில்லையாப்பா?" என்று கேட்டார். எமக்கு விடை கூற நா எழவில்லை. தலையை மட்டும் அசைத்தோம்.

இன்று இக்குறைகளுக்கு நல்ல சிகிச்சை உண்டு. அண்ணம் பிளந்த குழந்தையால் முலைப்பாலை உறிஞ்ச இயலாது. ஆதலின் நிமிர்த்திப் பிடித்து, பீய்ச்சிய தாய்ப்பாலை நம் பாட்டிமார் அறிந்த பாலாடையால் சிறிது சிறிதாகப் புகட்டலாம். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்திற்குள் உதட்டையும், ஒரு வயதையொட்டி அண்ணத்தையும் சீர் செய்வர். அமெரிக்க மருத்துவர் மில்லார்டு 1955இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் எடுத்துரைத்த முறை இன்றும் பல நாடுகளில் கையாளப்படுகின்றது. நம் நாட்டில் திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் டாக்டர் அடென்வாலா இப்பணிக்கே தம் வாழ்வின் பெரும்பகுதியை ஈந்தார்; 2020இல் மறைந்தார்.

எம் துறைக்கும் இதிற் பங்குண்டு என்பது எமக்குப் பெருமை. 1991இல் அந்நாளைய பீகாரின் கலாரியில் பணி தொடங்கிய ஜீவன் ரேகா எக்ஸ்பிரஸ் என்னும் மருத்துவமனை ரயில், கண்புரைக்கு மட்டுமன்றி உதட்டுப் பிளவுக்கும் பெட்டிக்குள்ளேயே அறுவை செய்தது.

எம் தங்கைக்கோ பன்னிரண்டு வயதிலேதான் சிகிச்சை கிட்டியது. அண்ணம் திறந்திருந்தால் மூச்சு மூக்கின் வழி ஒழுகும். பகரம் மகரமாய் ஒலிக்கும். அவள் 'அப்பா' என்று அழைத்தது பல்லாண்டு 'அம்மா' என்றே எம் செவியில் விழுந்தது. பள்ளியில் பிள்ளைகள் நகைத்தனர். இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். உதடு இன்று அழகாகக் கூடியுள்ளது. பேச்சிலோ அத்தாமதத்தின் சுவடு எஞ்சியிருக்கின்றது. தக்க வயதில் அறுவையும் அதன்பின் பேச்சுப் பயிற்சியும் வாய்த்திருந்தால் அவள் வாழ்க்கை வேறாயிருந்திருக்கும்.

ஆகவே ஒரே வேண்டுகோள். இக்குடியிருப்பில் இத்தகைய குழந்தை பிறந்தால் உள்ளறையில் மறைக்காதீர்கள். முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். தொல்லூரில் இருந்தால் துணைக்கு வரும் உறவினர் இங்கில்லை. அண்டை வீட்டாராகிய நாமே உறவு. அத்தாயைக் காணச் செல்லும்போது கிரகணத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேளாதீர்கள். பாலாடை ஒன்றைக் கையிற்கொண்டு செல்லுங்கள்.