விஞ்ஞானமும் வேதமும்

(உக்கடத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதின் சாரம்)



கிறிஸ்தவத் தோழர் ஒருவர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். "கிறிஸ்தவர்களில் எத்தனையோ விஞ்ஞானிகள் இருந்திருக்கிறார்களே, அப்படியிருக்க, மதமும் விஞ்ஞானமும் ஒத்துப்போகாது என்று நீர் எப்படிச் சொல்லலாம்?" என்பது கேள்வி. மரியாதையான கேள்வி, மரியாதையாகவே பதில் சொல்லுகிறேன்.

அவருக்குச் சாதகமாக நானே ஒரு சாட்சியை அழைக்கிறேன். 1847இல் அமெரிக்க மிஷன் சார்பாக யாழ்ப்பாணத்துக்கு வந்தவர் டாக்டர் சாமுவேல் கிறீன். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, நம் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, ரணவைத்தியம், ரசாயனம் முதலியவற்றைத் தமிழில் புஸ்தகமாக்கினார். 'கெமிஸ்தம்' என்னும் ரசாயனப் புஸ்தகம் 1875இல் வெளிவந்தது. தமிழில் விஞ்ஞானம் வராது என்று இன்றைக்கும் சொல்லுகிறவர்கள் வெட்கப்பட வேண்டும். அவர் பக்தியுள்ள கிறிஸ்தவர்தான், அதில் சந்தேகமில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அவருடைய வேதத்தில் வியாதி எப்படித் தீருகிறது? பிசாசை விரட்டினால் தீருகிறது. மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபித்தால் தீருகிறது. கிறீன் துரை தம் மாணாக்கருக்குப் பிசாசோட்டும் பாடமா நடத்தினார்? எலும்பையும் ரத்தக்குழாயையும் அல்லவா காட்டினார்? ஜெபம் செய்துவிட்டே கத்தியை எடுத்திருக்கலாம். கட்டியை அறுத்தது கத்திதானே! அதே வித்தையைச் சைவன் கற்றாலும், முஸ்லிம் கற்றாலும், கடவுளே இல்லையென்பவன் கற்றாலும் அப்படியே பலிக்கிறது. ஜெபத்துக்கு மதம் உண்டு; மருந்துக்கு மதம் ஏது?

"வேதத்துக்குச் சரியான அர்த்தம் கண்டால் இரண்டும் ஒத்துப்போகும்" என்பார்கள். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கலிலியோவை 1633இல் ரோமாபுரி சர்ச்சு விசாரித்துத் தண்டித்தது. 1642இல் சாகும்வரை வீட்டுக்காவலில் வைத்தது. அவரைத் தண்டித்தது தவறு என்று போப் இரண்டாம் ஜான் பால் ஒப்புக்கொண்டது 1992இல்! ஆறு நாளில் உலகம் படைக்கப்பட்டது என்றார்கள். பூமியின் வயது கோடிக்கணக்கான வருஷங்கள் என்று தெரிந்தபின், அந்த 'நாள்' ஒரு யுகம் என்றார்கள். ஒற்றையடிப் பாதையில் இரண்டுபேர் எதிர்ப்படும்போதெல்லாம் ஒருவரே ஒதுங்கிக்கொண்டிருந்தால் அதற்குச் சமாதானம் என்றா பெயர்?

இதைக் கேட்டு விபூதித் தோழர்களும் நாமத் தோழர்களும் சிரிக்கவேண்டாம். போப்பாவது 359 வருஷங் கழித்து ஒப்புக்கொண்டார். ராகு, கேது பாம்பு கதை பொய் என்று எந்த மடாதிபதி ஒப்புக்கொண்டார்? கிரகணத்தின் நேரத்தை நிமிஷக் கணக்காய்ச் சொல்லுகிறது வானசாஸ்திரம். அந்த நேரத்தைப் பார்த்தே கோவிலைப் பூட்டுகிறார்கள்! பிளேக்கைப் பரப்புவது எலியின்மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி என்று சிமோன் என்னும் பிரெஞ்சு டாக்டர் 1898இல் கராச்சியிலேயே கண்டார். நம் கோயமுத்தூரிலோ பிளேக் மாரியம்மனுக்குக் கோவில் கட்டிக் கும்பிடுகிறோம்!

ஆகவே, சீட்டு எழுதிய தோழருக்கு என் பதில் இதுதான்: கிறிஸ்தவன் தாராளமாக விஞ்ஞானியாகலாம், இந்துவும் ஆகலாம். ஆனால் சோதனைச்சாலைக்குள் போகும்போது ஒவ்வொருவனும் தன் வேதத்தை வாசலில் வைத்துவிட்டுத்தான் போகிறான். உள்ளே உதவாத ஒன்று, நம் வீட்டில் குழந்தை ஜுரத்தில் கிடக்கும்போது மாத்திரம் எப்படி உதவும்? அந்தச் சமயத்தில் பாதிரியாரையும் பூசாரியையும் தேடி ஓடிப் பொழுதைப் போக்காதீர்கள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பிறகு, பிழைத்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பிழைக்கவைத்தது எது என்று நிதானமாகச் சிந்தியுங்கள். நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நம்பாதீர்கள்.